தள்ளிவிட்ட பதினொரு அளவீடுகள்

போன மாதம் பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சின்னச் சின்னச் செயற்கைக்கோள்களைச் செய்து, யாருடைய ராக்கெட்டிலாவது இடம் பிடித்து அனுப்புகிறவர்கள். கெட்டிக்காரர்கள். நாங்கள் ஒரு மாடி முழுக்க இயந்திரங்களை வைத்துக்கொண்டு செய்த வேலையை அவர்கள் ஒரு மடிக்கணினியில் செய்கிறார்கள். கோள் போகும் பாதையை மென்பொருளே கணக்கிடுகிறது, சந்தேகமான அளவீடுகளை அதுவே தள்ளிவிடுகிறது. தள்ளிவிட்டதை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். வைப்பதில்லை மேடம், அழிந்துவிடும் என்றார்கள்.

ஏன் வைக்க வேண்டும் என்பது ஒரு மணி நேரப் பேச்சில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் கௌதமி. முப்பத்து மூன்று வருடம் பெங்களூரில் செயற்கைக்கோள்களின் பாதையைக் கணக்கிடும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா அங்கே சுரங்கத்தின் நெட்டுக்குழியில் வேலை செய்தார். அந்தக் குழியை ஷாஃப்ட் என்போம். தரைமட்டத்திலிருந்து நேராகக் கீழே இறங்கும் அதன் வழியாகத்தான் ஆட்களும் கல்லும் ஏறி இறங்கும். அதன் பக்கங்களில் இருக்கும் மரச்சட்டங்களைப் பார்த்துப் பழுது நீக்குவது அப்பாவின் கூட்டத்துக்கு வேலை. ஒவ்வொருவரும் சுத்தியலைக் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். கயிறு அறுந்து விழுந்த சுத்தியல் கீழே இருப்பவனுக்கு எமன்.

அப்பா ஒரு விஷயம் சொல்வார். விழுகிற சாமான் எதுவும் அடிவரை நேராகப் போய்ச் சேராது, நடுவழியில் சட்டத்தில் மோதும், அந்தத் தழும்புகள் கிழக்குப் பக்கத்தில்தான் அதிகம் என்று. ஏன் என்று அவருக்குத் தெரியாது. பதினோராம் வகுப்பில் எனக்குத் தெரிந்தது. பூமி கிழக்கு நோக்கிச் சுற்றுகிறது. ஷாஃப்டின் வாய், பூமியின் மையத்திலிருந்து அடியைவிடத் தள்ளி இருப்பதால், கொஞ்சம் கூடுதல் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. வாயிலிருந்து விழுந்த சுத்தியல் அந்தக் கூடுதல் வேகத்தையும் எடுத்துக்கொண்டு விழுகிறது. அதனால் கிழக்கே ஒதுங்குகிறது. அன்று மாலை அப்பாவிடம் சொன்னபோது, சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

எனக்கு வேலை கிடைத்ததே அந்தச் சுத்தியலால்தான். நேர்முகத் தேர்வில் ஐந்து பேர் இருந்தார்கள். ஓரத்தில் இருந்தவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார், ஜன்னலோரம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஆழமான குழியில் ஒரு கல்லைப் போட்டால் நேராக விழுமா என்று அவர் கேட்டார். கிழக்கே ஒதுங்கும் என்றேன். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றார்.

"புத்தகத்துல பாக்கல சார். எங்க அப்பா ஷாஃப்ட்ல வேலை செய்றாரு. கெழக்கு சட்டத்துலதான் அடி இருக்கும்பாரு."

ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு எவ்வளவு ஒதுங்கும் என்று அடுத்த கேள்வி. காகிதம் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டு, காற்றை விட்டுவிட்டால் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்றேன். அப்பா எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று கேட்டார். இருபத்தாறு என்றேன். சரி, போதும் என்று மற்றவர்களைப் பார்த்தார்.

அவர்தான் பசவராஜ் சார். பதினெட்டு வருடம் என் மேலதிகாரி.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் இரண்டு வருடம் மற்றவர்கள் போட்ட கணக்கைச் சரிபார்த்தேன். அந்த நாட்களில் உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: அவ்வளவு உயரத்தில் இருப்பது ஏன் கீழே விழுவதில்லை? விழுகிறது என்பேன். கையிலிருந்து நழுவிய பொருள் முதல் விநாடியில் ஐந்து மீட்டர் விழும். பூமியின் பரப்பு எட்டு கிலோமீட்டருக்கு ஐந்து மீட்டர் வளைகிறது. ஆகவே ஒரு பொருளைக் கிடையாக விநாடிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து, காற்றும் குறுக்கே இல்லாவிட்டால், அது விழுகிற அளவுக்குத் தரையும் வளைந்து விலகிவிடும். விழுந்துகொண்டே இருக்கும், தரையைத் தொடாது. சுத்தியலை இழுத்த அதே ஈர்ப்புதான் இதையும் இழுக்கிறது. சித்தப்பா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் உனக்கு விழுவதைக் கணக்குப் போடச் சம்பளமா என்றார். அதுதான் என் உத்தியோகம்.

பசவராஜ் சார் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. தும்கூர்க்காரர், மெல்லிய குரல். என்னிடம் கன்னடத்தில்தான் பேசுவார். நான் பாதி கன்னடம் பாதி ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். யாரையும் அவர் திட்டியதில்லை, பாராட்டியதும் இல்லை. கணக்கு முடிந்தது என்று போய் நின்றால் அவர் சொல்வது ஒரே வார்த்தை: "பரெதிடி." எழுதி வையுங்கள் என்று அர்த்தம்.

அதற்கு ஒரு முறை இருந்தது. ஒரு கோள் எங்கள் நிலையத்தின் வானத்துக்குள் எந்த நேரத்தில் நுழையும், எந்தத் திசையில் எழும் என்பதை, அது வருவதற்கு முன்பே பென்சிலால் அல்ல, பேனாவால் ஒரு தாளில் எழுத வேண்டும். பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் எழுத வேண்டும். கையெழுத்துப் போட்டு, எழுதிய நேரத்தைக் குறித்து அவர் மேசையில் வைத்துவிட வேண்டும். கோள் வந்த பிறகு இரண்டையும் ஒப்பிடுவோம். வந்த பிறகு "நான் அப்போதே நினைத்தேன்" என்று யாரும் சொல்ல முடியாது. தப்பாகப் போனால் அவர் கேட்பது, பிழை நீங்கள் சொன்ன எல்லைக்குள் இருந்ததா என்பது மட்டும்தான். எல்லைக்குள் இருந்தால் தப்பே இல்லை. எல்லையை மீறினால், நேரம் ஒரு விநாடிதான் பிசகியிருந்தாலும், ஏன் என்று தெரியும்வரை விடமாட்டார்.

இனி அந்த நாள்.

ஒரு தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் காலை ஆறு மணிக்குக் கிளம்பியது. ராக்கெட் அதை நீள்வட்டப் பாதையில் விட வேண்டும். ஒரு முனை பூமிக்கு மேலே இருநூறு கிலோமீட்டர், மறுமுனை முப்பத்தாறாயிரம். பத்தரை மணி நேரத்தில் ஒரு சுற்று. பிறகு கோளிலுள்ள சொந்த என்ஜினை இயக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அதை வட்டப்பாதைக்குக் கொண்டுபோக வேண்டியது எங்கள் பொறுப்பு.

ஆறே கால் மணி கடந்து கோள் பிரிந்தது. கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் கைதட்டினார்கள். கிழக்கே ஒரு தீவில் வாடகைக்கு எடுத்திருந்த நிலையம் சிக்னலைப் பிடித்தது. இரண்டரை நிமிடம் பிடித்திருந்தது. பிறகு போய்விட்டது. சூரியத் தகடுகளை விரிக்கச் சொல்லும் கட்டளையை அந்த நிலையம்தான் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பும் முன்பே சிக்னல் இல்லை. அதற்கும் கிழக்கே இருந்த இன்னொரு நிலையம் அட்டவணைப்படி தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை.

தகடு விரியாத கோளுக்கு பேட்டரி மட்டும்தான் சாப்பாடு. பிற்பகல் மூன்று, மிஞ்சினால் நான்கு மணிவரை தாங்கும். அட்டவணைப்படி அது எங்கள் வானத்துக்கு வருவது மாலை ஐந்து மணிக்கு.

ராக்கெட் தரப்பு தங்கள் வேலை சரியாக முடிந்தது என்றது. அவர்கள் பொய் சொல்லவில்லை. வேண்டிய வேகம் வந்துவிட்டது என்று ராக்கெட்டின் கருவி சொன்னது, என்ஜின் தானாக அணைந்தது. கோளின் டிரான்ஸ்மிட்டர் செத்துவிட்டது என்பதுதான் ஒன்பது மணிக்குள் அறையில் எல்லாரும் வந்து சேர்ந்த முடிவு. கோளைச் செய்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு பழைய சோதனை அறிக்கைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண்மணி, ஆறு வருடம் அந்த டிரான்ஸ்மிட்டரோடு வாழ்ந்தவர், வராந்தாவில் போய் நின்று அழுதார்.

எனக்கு ஒன்று உறுத்தியது. அந்தத் தீவு நிலையம் பத்து விநாடிக்கு ஒரு தரம் கோளின் தூரத்தை அளந்து அனுப்பியிருந்தது. மொத்தம் பதினைந்து அளவீடுகள். எங்கள் கணினி முதல் நான்கை ஏற்றுக்கொண்டு மீதிப் பதினொன்றையும் பிழை என்று தள்ளிவிட்டிருந்தது. அங்கே அப்போது நல்ல மழை, சிக்னலும் அதனால்தான் அறுந்தது என்று ஒரு விளக்கம் தயாராக இருந்தது. தள்ளிவிட்ட பட்டியலை அச்செடுத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தேன்.

கணித்த தூரத்துக்கும் அளந்த தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையால் ஒவ்வொன்றாகக் கழித்து எழுதினேன். மழையால் வந்த பிழை என்றால் ஒன்று கூடும், ஒன்று குறையும், தாறுமாறாக இருக்கும். இது அப்படி இல்லை. ஒவ்வொரு பத்து விநாடிக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்துகொண்டே போனது. கணினி ஏற்றுக்கொண்ட நான்கிலும் அதே வளர்ச்சி இருந்தது. சின்னதாக இருந்ததால் உள்ளே விட்டிருந்தது, பெரிதானதும் கதவைச் சாத்திவிட்டது. கோள் இந்த இடத்தில்தான் இருக்கும் என்று நம்பும்படி நாங்களே அதற்குச் சொல்லியிருந்தோம். அந்த நம்பிக்கைக்குப் பொருந்தாததை எல்லாம் அது பிழை என்றது.

பதினைந்தையும் சேர்த்து, ராக்கெட் தரப்பின் எண்ணை விட்டுவிட்டு மறுபடி கணக்குப் போட்டேன். வேகம் விநாடிக்குப் பத்தேகால் கிலோமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துதான் வந்தது. கால் கிலோமீட்டர் குறைவு; ராக்கெட்டின் கருவி தப்பாக அளந்திருந்தது, நிலையங்களும் கோள் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஈர்ப்பு அதற்குக் கழித்துக்கொண்டது பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்: முப்பத்தாறாயிரம் ஏற வேண்டிய கோள் இருபத்து நான்காயிரத்தோடு திரும்பிவிடும். சுற்றுக்கு ஏழு மணி நேரம். அப்படியானால் அது எங்கள் மேற்கு அடிவானத்தில் எழுவது மாலை ஐந்துக்கு அல்ல, மதியம் ஒன்றரைக்கு.

அப்போது மணி பதினொன்று நாற்பது. ஒரு தாளில் எழுதினேன்: 1.31, மேற்கு, பிழை நான்கு நிமிடம். கையெழுத்துப் போட்டேன். இரண்டரை நிமிட அளவீட்டை வைத்து ஏழு மணி நேரத்துக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பசவராஜ் சார் தாளைப் படித்தார். அச்செடுத்த பட்டியலைக் கேட்டு வாங்கி, நான் கழித்ததில் மூன்றை அவரும் கழித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இந்த நாலு நிமிஷம் எங்கேயிருந்து வந்தது?"

முதல் அளவீட்டை விட்டுவிட்டு ஒரு தரம், கடைசியை விட்டுவிட்டு ஒரு தரம், நடுவில் இரண்டை விட்டுவிட்டு ஒரு தரம் போட்டுப் பார்த்தேன், விடை அந்த எல்லைக்குள்தான் ஆடியது என்றேன். தலையை ஆட்டிவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு மிஷன் டைரக்டரிடம் போனார்.

சிக்கல் ஆன்டெனாவில் இருந்தது. எங்கள் நிலையத்தில் இந்த வேலைக்கு ஏற்ற பெரிய ஆன்டெனா ஒன்றுதான் அன்று சரியாக இருந்தது. அதே ஒன்றரை மணிக்கு அது வேறொரு கோளுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கிற கோள், டி.வி.யும் தொலைபேசியும் அதில்தான். நகர்ந்துபோன இடத்திலிருந்து அதைப் பழைய இடத்துக்குத் தள்ள என்ஜினை இயக்கும் நேரம் அது. ஆன்டெனா நேரங்களைப் பங்கிடுகிறவர் இம்தியாஸ். சிவாஜிநகர்க்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மேடம், ராக்கெட்டு கம்மியா தள்ளிச்சுன்னா சாட்டிலைட் லேட்டாத்தானே வரணும்? நீங்க சீக்கிரம் வரும்ங்கறீங்க?"

"பந்தை மேல எறியறீங்க இம்தியாஸ். மெதுவா எறிஞ்சா கைக்கு எப்ப திரும்பி வரும்?"

அவர் கையை லேசாக மேலே அசைத்துப் பார்த்தார், பந்து இருப்பது போல. "சீக்கிரம்," என்றார். போய் ஆன்டெனாவைத் திருப்பத் தேவையான ஏற்பாடுகளை, உத்தரவு வரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

டைரக்டர் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கணினி தள்ளிவிட்ட பதினொரு அளவீடுகளை நம்பி, நன்றாக ஓடுகிற கோளின் வேலையை ஒத்திப்போட்டு, ஒன்றரை மணிக்கு வானத்தில் ஒன்றும் இல்லையென்றால் யார் பதில் சொல்வது என்றார். பசவராஜ் சார் தாளை அவர் முன் வைத்தார். இன்னொரு கோளை நாளைக்குத் தள்ளலாம், இதை நாளைக்குத் தள்ள முடியாது என்றார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அந்தப் பதினெட்டு வருடத்தில் வேறு யாருடைய தாளிலும் அவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்ததில்லை. டைரக்டர் இரண்டு கையெழுத்தையும் பார்த்தார். சரி என்றார்.

ஒன்று இருபத்தைந்துக்கு ஆன்டெனா மேற்கு அடிவானத்தைப் பார்த்து நின்றது. தகடு விரிக்கும் கட்டளை தயாராக இருந்தது. திரையில் பச்சை நிறத்தில் இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று முப்பது. ஒன்று முப்பத்தொன்று. நான் எழுதிய நேரம் வந்து போனது. யாரும் என்னைப் பார்க்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒன்று முப்பத்திரண்டு. டைரக்டர் தொலைபேசியை எடுத்தார். நான்கு நிமிடம் என்று எழுதியிருக்கிறேன் என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

ஒன்று முப்பத்து மூன்றுக்குத் திரையின் நடுவில் ஒரு கோடு மெலிதாக எழுந்து, ஆடி, நின்றது.

"பந்துபிட்டிது," என்றார் இம்தியாஸ், கன்னடத்தில். வந்துவிட்டது. வராந்தாவில் அழுத அந்தப் பெண்மணி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது. கட்டளை போனது. இரண்டு நிமிடத்தில் பேட்டரியின் அளவு இறங்குவது நின்று ஏறத் தொடங்கியது. தகடுகள் விரிந்துவிட்டன.

பசவராஜ் சார் கடிகாரத்தைப் பார்த்து என் தாளில் 1.33 என்று எழுதினார். "எல்லைக்குள்ளேதான் இருக்கு," என்றார். அவ்வளவுதான். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா நின்றேன்.

மற்ற வேலை பிறகுதான் ஆரம்பித்தது. ராக்கெட் தராமல் விட்ட வேகத்தைக் கோளின் சொந்த எரிபொருளிலிருந்து தர வேண்டும். எரிபொருள் குறைந்தால் கோளின் ஆயுள் குறையும். ஆகவே ஒவ்வொரு கிலோவையும் எந்த இடத்தில் எரிப்பது என்பதுதான் கேள்வி. பூமிக்கு அருகே வேகமாகப் போகும்போது தள்ளினால் மறுமுனை உயரும். உச்சியில் மெதுவாகப் போகும்போது தள்ளினால் கீழ்முனை உயரும். கீழ்முனை இருநூறு கிலோமீட்டரிலேயே இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் காற்று உரசிக் கோளைக் கீழே இழுக்கும் என்பதால், முதலில் அதைக் கொஞ்சம் உயர்த்தினோம். பிறகு உச்சியை. பிறகு மறுபடி கீழ்முனையை. மூன்று வாரத்தில் ஏழு முறை என்ஜினை இயக்கினோம், ஏழுக்கும் என் தாள் அந்த மேசைக்குப் போனது. கோள் தன் இடத்தில் போய் நின்றபோது, அதிகபட்சம் ஐந்து வருடம் ஓடும் என்று ஒரு குழு கணித்தது. எரிபொருளைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்து ஒன்பது வருடம் ஓட்டினோம். மலைக் கிராமப் பள்ளிகளுக்கு அதன் வழியாகப் பாடம் போனது. மருத்துவமனைகளுக்கு ஸ்கேன் படங்கள் போயின.

ஒன்பதாம் வருட முடிவில், பசவராஜ் சார் ஓய்வுபெற்றுப் போன பிறகு, கடைசி எரிபொருளை எரித்து அதை மற்றக் கோள்களுக்கு இடைஞ்சல் இல்லாத உயரத்துக்கு ஏற்றினோம். ஒரு முற்பகலில் டிரான்ஸ்மிட்டரை அணைக்கும் கட்டளையை நானே அனுப்பினேன். அறையில் இருந்தவர்கள் எனக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள்.

மாலை வீட்டுக்குப் போகும் ஹெப்பகோடி பஸ்ஸில் அந்தப் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கார்மென்ட்ஸில் வேலை செய்யும் ஒரு பெண், கிருஷ்ணகிரிப் பக்கம். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

"இன்னைக்கு ரிட்டயர்மென்ட்டாக்கா?" என்றாள்.

"எனக்கில்லம்மா. ஒரு சாட்டிலைட்டுக்கு."

அவள் விடவில்லை. சில்க் போர்டு சந்திப்பில் பஸ் அசையவில்லை, எனக்கும் அன்று சொல்ல வேண்டும் போல இருந்தது. முழுக்கதையையும் சொன்னேன். தீவு, மழை, பதினொரு அளவீடு, பந்து, ஒன்று முப்பத்து மூன்று எல்லாம். அவள் ஒரு சந்தேகம்கூட விடாமல் கேட்டாள். முடிந்ததும் என் பக்கம் நன்றாகத் திரும்பினாள்.

"அப்ப எல்லாரும் செத்துப்போச்சுன்னு வுட்டத, இங்கதான் வரும்னு சொன்னது நீங்கதானாக்கா?"

எங்கள் அறிக்கைகளில் 'நான்' என்ற சொல் கிடையாது. 'கணக்கிடப்பட்டது', 'முடிவெடுக்கப்பட்டது' என்றுதான் எழுதுவோம். இதற்கு விருது கொடுத்த மேடையிலும், பத்திரிகைக்காரர்கள் கேட்டபோதும் எங்கள் குழு என்றுதான் சொல்லியிருக்கிறேன். அது சரியும்கூட.

"ஆமா," என்றேன். "நான்தான்."

அவள் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த தோழியின் தோளைத் தட்டி எழுப்பினாள். "ஏய், இங்க திரும்புடி. இந்த அக்கா என்ன பண்ணாங்க தெரியுமா," என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். சுற்றியிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் தடுக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் நேரத்தைத் தப்பாகச் சொன்னாள், அதை மட்டும் திருத்தினேன்.